விதைநெல்லும் வீட்டுமனையும்

கேள்வி: என் அப்பா எந்நேரமும் பழங்கதை பேசுகிறார். என் மனைவியோ பிள்ளைகளின் வருங்காலத்தை எண்ணியே கவலைப்படுகிறார். நேற்று முடிந்துவிட்டது, நாளை இன்னும் வரவில்லை, இன்று மட்டுமே நம் கையில் உள்ளது என்று நான் தெளிந்துவிட்டேன். அதனால் எங்கள் இரண்டு ஏக்கர் நஞ்சையை மனைகளாக விற்றுவிட்டு நிம்மதியாக இருக்க விரும்புகிறேன். இவர்கள் இருவரையும் எப்படி மாற்றுவது?
– வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்.

பதில்: மாற வேண்டியவர்கள் அவர்கள்தானா என்பதை முதலில் பார்ப்போம்.

உங்கள் ஊர் டீக்கடையில் காலையில் செய்தித்தாளை விரிப்பவர்கள் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பார்க்காமல் மடித்து வைப்பதில்லை. பெய்து முடிந்த மழையும் இன்று திறந்துவிடும் நீரும் இனி நடவேண்டிய நாற்றும் அந்த ஓர் எண்ணுக்குள் இருக்கின்றன. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய அந்தத் திட்டம், 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் பட்டினியைக் கண்ட பிறகுதான் வேகம் பிடித்தது. 1886இல் ஆங்கிலேய ஆட்சியாளர்கள் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்தார்கள். 1887இல் தொடங்கிய வேலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனபோதும் விடாமல் கட்டி, 1895இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் அணையை முடித்தார். ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் திறக்கும் தண்ணீரை நம்பிக் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருக்கிறது. உங்கள் இரண்டு ஏக்கர் நஞ்சையாக இருப்பதும் அந்தத் தண்ணீரால்தான். பசியில் செத்தவர்களை மறக்காதவர்களும், தாங்கள் காணப்போகாத தலைமுறைகளுக்காகக் கையெழுத்திட்டவர்களும் சேர்ந்து உண்டாக்கியதைத்தான் நீங்கள் ‘இன்று’ என்கிறீர்கள்.

பழையதை நினைப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. எந்த மடையில் தண்ணீர் முதலில் ஏறும், எந்த வரப்பு ஐப்பசி மழையில் உடையும் என்று உங்கள் அப்பா சொல்வாரானால், அது எந்த அலுவலகத்திலும் எழுதிவைக்கப்படாத அறிவு. பாகப்பிரிவினையில் தம்பி சொன்ன ஒரு சொல்லையே நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருப்பாரானால், அது ஆறவிடாமல் கீறிக்கொண்டே இருக்கும் புண். அணையை வைத்துத் தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறமும் இப்படிப்பட்ட புண் உண்டு. 1979இல் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டதால் வாடிய வயலை நம்மவர்கள் மறக்கவில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகும் அந்தக் கசப்பு தீரவில்லை. குமுளிக்கு அப்பால், அணைக்குக் கீழே இருக்கும் கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில், தோட்ட வேலைக்குப் போன நம் தமிழர்கள் உட்பட, ஆற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு, அணை உடைந்துவிடுமோ என்று அடைமழை இரவில் உறக்கம் வருவதில்லை. அங்கே நாளையின் அச்சம் இன்றைய இரவைத் தின்கிறது. அதே அச்சம்தான் அணையை அளக்கவும் சோதிக்கவும் பலப்படுத்தவும் செய்கிறது. ஆகவே உங்கள் மனைவியின் கவலையைப் பழிக்காமல், அது வெறும் மன உளைச்சலாக நிற்கிறதா, ஒரு வேலையாக மாறுகிறதா என்று கேளுங்கள். பிள்ளையின் படிப்புக்கு அவர் மாதந்தோறும் சிறிது பணம் எடுத்து வைத்தால், அது கவலை அன்று, சேமிப்பு.

நிலம் உங்களுடையது, விற்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. கடன் நெருக்கினாலோ விவசாயம் கட்டுப்படியாகாவிட்டாலோ அதை வெளிப்படையாகச் சொல்லி வீட்டாருடன் கலந்து முடிவெடுங்கள். ஆனால் விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவதற்கு ‘இந்த நொடியில் வாழ்தல்’ என்று பெயர் சூட்டாதீர்கள். உங்கள் நிலத்துக்கு விலை பேச வருகிறவர் இன்றைய விளைச்சலைக் கணக்கிட்டா பேசுவார்? பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மனை என்ன விலைக்குப் போகும் என்பதை எண்ணித்தான் பணத்தை எண்ணுவார். அவர் நாளையை நினைக்கும் அளவுக்கேனும் நீங்களும் நினைத்துவிட்டு, அதன் பிறகு பத்திரத்தில் கையெழுத்திடுங்கள்.