நெட்வொர்க் கேள்வி-பதில்: கரண்ட் வந்ததும் சர்வர் ஏன் நிற்கிறது?

எங்க நிட்டிங் கம்பெனியில 24 மெஷினுங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு சின்ன கன்ட்ரோலர் இருந்து, சுத்து எண்ணிக்கையை ஆபீஸ்ல இருக்கிற பழைய சோலாரிஸ் சர்வருக்கு அனுப்புதுங்க. சர்வர் புரோகிராம் சி மொழியில டிஎல்ஐ (நெட்வொர்க்ல பேசுறதுக்கான பழைய ஃபங்ஷன் தொகுப்பு) வச்சு எழுதினது. மெஷினை ஒவ்வொண்ணா ஆன் பண்ணினா நல்லா ஓடுது. கரண்ட் போயிட்டு வந்தா மட்டும் 'டி_ஆக்செப்ட்: டிலுக்'னு ஒரு வரி போட்டுட்டு நின்னுடுது. கேபிளை எல்லாம் மாத்திப் பாத்தாச்சுங்க.
– வாசகர், திருப்பூர்

கேபிளுக்குச் செலவழித்த பணம் வீண்தான். கோளாறு புரோகிராமில் இருக்கிறது. கரண்ட் வரும்போது 24 கன்ட்ரோலரும் ஒரே விநாடியில் கதவைத் தட்டுவதால் அது வெளியே தெரிகிறது.

புரோகிராம்கள் நெட்வொர்க்கில் பேசுவதற்கான பெர்க்லி சாக்கெட் 1983-இல் 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்போடு வந்தது. ஏடி அண்ட் டி தன் சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸின் மூன்றாம் வெளியீட்டில் அதற்குப் பதிலாகக் கொண்டுவந்தது டிஎல்ஐ. சாக்கெட்டில் ஆக்செப்ட் என்ற ஒரே அழைப்பு செய்யும் வேலையை இதில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். 'யாரோ வந்திருக்கிறார்' என்ற தகவலை டி_லிசன் வாங்கித் தரும். அவரை உள்ளே விடுவது டி_ஆக்செப்ட். இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னொருவர் வந்துவிட்டால், டி_ஆக்செப்ட் வேலை செய்ய மறுக்கும். மண்டி வாசலில் நிற்கிற எல்லோரிடமும் சீட்டு வாங்கி முடிக்கும்வரை ஒருவரையும் உள்ளே விடாத காவல்காரர் மாதிரி. 'முதலில் போய்ப் பார்' என்று அது சொல்வதுதான் டிலுக் பிழை. எதைப் பார்ப்பது என்று சொல்லும் ஃபங்ஷனின் பெயர் டி_லுக். பிழைக்கும் ஃபங்ஷனுக்கும் கிட்டத்தட்ட ஒரே பெயரை வைத்த புண்ணியவானை என்ன சொல்ல!

முதலில் உங்கள் புரோகிராமில் டி_பைண்ட் அழைக்கும் இடத்தில் கியூலென் (ஏற்கப்படாமல் நிலுவையில் நிற்கக்கூடிய அழைப்புகளின் எண்ணிக்கை) எவ்வளவு என்று பாருங்கள். 5 அல்லது 10 இருக்கும். அதை 1 ஆக்கினால், ஒரே சமயத்தில் ஒரு அழைப்புத் தகவல்தான் நிலுவையில் நிற்கும். இந்தப் பிழை பெரும்பாலும் போய்விடும். ஆனால் மற்ற மெஷின்களின் முயற்சி தோற்கலாம். கன்ட்ரோலரில் 1 முதல் 10 விநாடிவரை ஏதோவொரு இடைவெளி விட்டு மறுபடி முயலும்படி எழுதியிருந்தால் மட்டுமே இது உதவும். கன்ட்ரோலரைத் தொட முடியாதென்றால் இந்த வழி வேண்டாம்.

சரியான வழி, கியூலென் எத்தனையோ அத்தனை டி_கால் ஸ்ட்ரக்சர்களை டி_அலோக் மூலம் தனித்தனியாக எடுத்து ஒரு அரேயில் வைப்பது. ஒரே ஸ்ட்ரக்சரைத் திரும்பத் திரும்ப டி_லிசனுக்குக் கொடுத்தால் முதலில் வந்தவரின் சீக்வென்ஸ் எண் (அந்த அழைப்பின் அடையாள எண்) அழிந்துபோகும். இந்தத் தவறைப் பழைய நிரல்களில் அதிகம் காணலாம். டி_லிசன் ஒரு அழைப்பைத் தந்ததும் அதை அரேயில் போடுங்கள். பிறகு புது எண்ட்பாயின்ட் (இணைப்பின் நம் பக்க முனை) ஒன்றை டி_ஓபனில் திறந்து, கியூலென் 0 ஆக இருக்கும்படி டி_பைண்ட் செய்து, டி_ஆக்செப்டுக்குக் கொடுங்கள். டிலுக் பிழை வந்தால், காத்திருக்கும் பழைய எண்ட்பாயின்ட்டின் மேல்தான் டி_லுக் அழைக்க வேண்டும். புதியதன் மேல் அழைத்துவிட்டு 'ஒன்றுமே வரவில்லையே' என்று குழம்பக் கூடாது. டி_லிசன் நிகழ்வு என்று சொன்னால், இன்னொரு டி_லிசன் போட்டு அடுத்த காலி இடத்தில் வையுங்கள். டி_லுக் 0 தரும்வரை இப்படியே செய்து, பிறகு அரேயில் இருப்பவர்களை ஒவ்வொருவராக ஏற்றுக்கொள்ளுங்கள். நடுவில் மறுபடி டிலுக் வரலாம். மறுபடி அதே சுற்றுதான்.

இன்னொரு நிகழ்வும் உண்டு: டிஸ்கனெக்ட். சீட்டுக் கொடுத்தவர் காத்திருந்து சலித்துக் கிளம்பிவிட்டார். டி_ஆர்சிவிடிஸ் அழைத்து அந்தச் செய்தியை வாங்குங்கள். அதில் வரும் சீக்வென்ஸ் எண் அரேயில் யாருடையதோ அவரை நீக்கிவிடுங்கள். இதை வாங்காமல் விட்டால் அதன் பிறகு எந்த டி_ஆக்செப்டும் நடக்காது. கியூலென் 1 ஆக இருந்தாலும் இது வரக்கூடும் என்பதால் இந்தப் பகுதியை எப்படியும் எழுதியே ஆக வேண்டும். டி_ஆக்செப்ட் தோற்ற ஒவ்வொரு முறையும் திறந்த புது எண்ட்பாயின்ட்டை மறுபடி பயன்படுத்துங்கள், இல்லையென்றால் டி_குளோஸ் செய்யுங்கள். அப்படியே விட்டால் சில நாளில் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஒவ்வொன்றுக்கும் சிஸ்டம் தரும் எண்) தீர்ந்து, வேறொரு பிழையோடு நிற்கும்.

சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட்டினால் பிழையே இல்லாமல் ஓடுவதாகக் காட்டுகிறது. ஆனால் போர்ட் 5000-க்குக் கிளையன்ட் போனால் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. இதுவும் டிஎல்ஐ தான்.
– வாசகர், ஈரோடு

டி_பைண்ட் உங்களுக்கு வேறு போர்ட்டைக் கொடுத்திருக்கிறது. கேட்ட முகவரி வேறொருவர் கையில் இருந்தால், டிஎல்ஐ பிழை சொல்லாமல் தானாகவே இன்னொன்றைக் கொடுத்துவிடலாம். போர்ட்களைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையில் பார்த்தால் சர்வர் ஏதோவொரு எண்ணில் காத்துக்கொண்டிருப்பது தெரியும். டி_பைண்டின் மூன்றாவது ஆர்கியுமென்ட்டை நல் என்று விடாதீர்கள். அதில் ஒரு ஸ்ட்ரக்சரைக் கொடுத்து, முகவரி பஃபரின் மேக்ஸ்லென் மதிப்பைச் சரியாக வைத்துத் திரும்பி வரும் போர்ட்டைப் பாருங்கள். மேக்ஸ்லென் 0 ஆக இருந்தால் எதுவும் எழுதப்படாது. போதாமல் சிறியதாக இருந்தால் பஃபர் ஓவர்ஃப்ளோ பிழை வரும். கேட்டதும் வந்ததும் வேறாக இருந்தால் உடனே மூடிவிட்டு லாகில் எழுதுங்கள். டிஎல்ஐயை ஒட்டிப் பிறகு வந்த எக்ஸ்டிஐயில் இதைத் திருத்திவிட்டார்கள்: முகவரி பிசி என்று பிழையே வரும்.

நான் 5000 கொடுத்தேன். நெட்ஸ்டாட் 34835 என்கிறது. இதுவும் அதே கதையா?
– வாசகர், பொள்ளாச்சி

இல்லை. போர்ட் எண்ணை நெட்வொர்க்கின் பைட் வரிசைக்கு மாற்றும் ஹெச்டிஒஎன்எஸ் ஃபங்ஷனைப் போட மறந்திருக்கிறீர்கள். 5000-இன் இரண்டு பைட்டும் இடம் மாறினால் 34835. எப்போது பார்த்தாலும் அதே எண் வந்தால் காரணம் இதுதான். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் ஈரோட்டு வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

மில்லில் ஓடும் டிஎல்ஐ புரோகிராமை லினக்ஸுக்கு மாற்றச் சொல்கிறார்கள். பெயர்களை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியில் டிஎல்ஐ கிடையாது; சாக்கெட்டுக்குத்தான் மாற வேண்டும். பாதி வேலை பெயர் மாற்றம்தான். டி_ஓபன் சாக்கெட் ஆகும். டி_பைண்ட் என்பது பைண்டும் லிசனும் சேர்ந்தது. டி_லிசன், டி_ஆக்செப்ட் இரண்டும் ஒரே ஆக்செப்டில் அடங்கும். திருப்பூர்க்காரரின் சிக்கலும் அதோடு முடிந்தது.

கவனிக்க வேண்டியது கனெக்‌ஷன் முடியும் இடம். எதிர்ப்பக்கம் ஒழுங்காக விடைபெற்றால் சாக்கெட்டின் ரிசீவ் 0 தரும். டிஎல்ஐயிலோ டி_ஆர்சிவி -1 தந்து டிலுக் பிழை வைக்கும். டி_லுக்கில் ஆர்ட்ரெல் (ஒழுங்காக விடைபெற்ற நிகழ்வு) என்று பார்த்து, டி_ஆர்சிவிரெல் அழைக்க வேண்டும். பழைய நிரலில் -1 மட்டும் சோதித்திருப்பார்கள். அதை அப்படியே கொண்டுவந்தால் 0 வந்ததும் லூப் முடிவில்லாமல் சுற்றி, சிபியு 100 சதவீதத்தில் நிற்கும். டி_எஸ்என்டிரெல் இருக்கும் இடத்தில் ஷட்டவுன் அழைத்து எழுதும் பக்கத்தை மட்டும் மூடுங்கள்.

பைண்டுக்கு முன் ரீயூஸ்-அட்ரஸ் ஆப்ஷனைப் போடுங்கள். இல்லையென்றால் சர்வரை நிறுத்திய உடனே திரும்ப ஓட்டும்போது, டைம்-வெயிட்டில் (முடிந்த பிறகும் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும் நிலையில்) பழைய கனெக்‌ஷன் இருக்கும் 60 விநாடிவரை 'முகவரி பயன்பாட்டில் உள்ளது' என்று மறுக்கலாம். 12 பைட் அனுப்பினால் 12 பைட்டும் ஒரே ரிசீவில் வரும் என்றும் நம்ப வேண்டாம். 5-ம் 7-மாக வரலாம். முழுதாகச் சேரும்வரை லூப்பில் வாங்குங்கள்.

மெஷின் ஆஃப் ஆகியிருந்தால் கனெக்ட் இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கிறது. லினக்ஸ் தானுங்க.
– வாசகர், கரூர்

ஆள் இருந்து போர்ட் மூடியிருந்தால் மறுப்பு உடனே வரும். ஆளே இல்லையென்றால் பதில் சொல்ல யாருமில்லை. முதல் பாக்கெட்டுக்குப் பிறகு பல லினக்ஸ் பதிப்புகள் வழக்கமாக 6 முறை, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பு நேரம் காத்து மறுபடி அனுப்பும்: 1, 2, 4 என்று கூட்டினால் 127 விநாடி. சாக்கெட்டை நான்-பிளாக்கிங் (காத்து நிற்காத) ஆக்கி கனெக்ட் அழையுங்கள். 'நடந்துகொண்டிருக்கிறது' என்ற பிழை எண்ணோடு உடனே திரும்பும். பிறகு எழுதத் தயாரா என்று போல் (poll) என்ற ஃபங்ஷனில் 3000 மில்லி விநாடி காத்திருங்கள். போல் 'தயார்' என்றதும் கனெக்ட் ஆகிவிட்டதாக எண்ண வேண்டாம். தோற்றாலும் அது தயார் என்றே சொல்லும். கெட்சாக்கெட்-ஆப்ஷனில் எரர் மதிப்பை எடுத்து, அது 0 என்றால் மட்டும் மேலே போங்கள். நேரம் கடந்துவிட்டால் அந்தச் சாக்கெட்டை மூடி, அடுத்த முயற்சிக்குப் புதிதாக ஒன்று திறங்கள்.