பரணில் ஏறிய அருவாமனை

அன்புள்ள ஐயா,

புத்தக அலமாரி பற்றிய கட்டுரையில் "எனக்கும் கொஞ்சம் ஓசிடி உண்டு" என்று எழுதியிருந்தீர்கள். என் மனைவிக்கு ஓசிடி என்று போன வாரம் டாக்டர் சொன்னார். அவளுக்குச் சுத்த வெறியெல்லாம் கிடையாது. பாத்திரம் இரண்டு நாள் சிங்க்கில் கிடந்தாலும் கண்டுகொள்ள மாட்டாள். குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. பாப்பாவை வெட்டிவிடுவோமோ என்ற எண்ணம் வந்துகொண்டே இருக்கிறதாம். கத்தி, அருவாமனை எல்லாவற்றையும் பரணில் ஏற்ற வைத்துவிட்டாள். காய் நறுக்குவது நான்தான், அதுவும் அவள் வேறு அறையில் இருக்கும்போது. "நான் எதுவும் செஞ்சிட மாட்டேன்ல?" என்று நாளைக்கு இருபது முறை கேட்கிறாள். மாட்டாய் என்றால் பத்து நிமிடம் தாங்கும். அம்மா மந்திரிக்கச் சொல்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கே உள்ளூர பயம். இது எந்த ஊர் ஓசிடி?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிட்டேன். புத்தகத்தை நிறம் பார்த்து அடுக்குவது எனக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். பிடித்துச் செய்கிற காரியத்துக்கு இந்த நோயின் பெயரை வைத்தது தப்பு. இத்தனைக்கும் நான் இந்த நோயைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன். என் பெரியம்மா குடத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கை வெடித்து ரத்தம் வரும். "மடி ஆசாரம்னா அவதான்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். ராத்திரி கிணற்றடியில் தேய்த்துக்கொண்டே அழுததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

உங்கள் மனைவிக்கு இருப்பதும் பெரியம்மாவுக்கு இருந்ததும் ஒரே நோய். ஓசிடியை (Obsessive Compulsive Disorder) எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிறார்கள், நல்ல பெயர். வேண்டாத எண்ணம் ஒன்று அழையாமல் வருகிறது. வந்த பயத்தை அடக்க ஒரு காரியம் செய்தாக வேண்டியிருக்கிறது. செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி, பிறகு மறுபடி முதலிலிருந்து. இதில் நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, அன்றாட வேலை கெட்டாலோ நோய் என்கிறார்கள் மருத்துவர்கள். நூறு பேரில் இரண்டு பேருக்காவது வாழ்நாளில் வருகிறது. பிரசவத்தை ஒட்டித் தொடங்குவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதைச் 'சந்தேகப் பித்து' என்றார்கள். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. பெரியம்மாவுக்குக் குடத்தின் மேல் சந்தேகம், உங்கள் மனைவிக்குத் தன் கையின் மேலேயே சந்தேகம்.

எண்ணம் ஏன் இத்தனை கொடூரமாக வருகிறது? மொட்டை மாடி ஓரத்தில் நிற்கும்போது 'குதிச்சா என்ன' என்று உங்களுக்கும் ஒரு கணம் தோன்றியிருக்கும். கர்ப்பகிருகத்தின் முன் கெட்ட வார்த்தை மனதில் ஓடி, பதறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. 1978இல் ராக்மன் என்ற உளவியலாளரும் இலங்கையில் பிறந்த பத்மால் டி சில்வாவும் இதை ஆராய்ந்தார்கள். நோயில்லாதவர்களில் பெரும்பாலோருக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வருவதாகத் தெரிந்தது. நமக்கு வந்தால் 'சீ' என்று விட்டுவிடுகிறோம். உங்கள் மனைவியால் விட முடியவில்லை. 'இப்படித் தோணுதுன்னா நான் எப்பேர்ப்பட்டவ?' என்று அதையே பிடித்துக்கொள்கிறார். எது உயிரோ அதைச் சுற்றித்தான் இந்தச் சந்தேகம் வரும், அவருக்குப் பாப்பா.

அதனால் உங்கள் பயத்துக்கு என் பதில்: எண்ணத்தைக் கண்டு நடுங்கி அருவாமனையைப் பரணில் ஏற்றுகிற தாய், ஓசிடியால் குழந்தையை வெட்டிவிட மாட்டார். ஆனால் பிரசவத்துக்குப் பின் வரும் வேறொரு நோய் உண்டு. காதில் குரல் கேட்பது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புவது, தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாமல் நடப்பது அதன் அடையாளங்கள். அப்படி ஏதாவது தெரிந்தால், அல்லது தன் உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேசினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாயையும் குழந்தையையும் தனியாக விடக் கூடாது.

அப்புறம், கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தச் சுழற்சியில் நீங்களும் ஒரு பல்சக்கரம். பெரியம்மாவுக்குத் தண்ணீர் எப்படியோ, உங்கள் மனைவிக்கு உங்கள் "மாட்டாய்" அப்படி. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும், கேட்டால்தான் தணியும் என்று மனது பழகிக்கொள்கிறது. அதற்காக நாளையே வாயை மூடிக்கொண்டால் அது கொடுமை. இருவரும் பேசி வைத்துக்கொண்டு, "இது ஓசிடி கேக்குற கேள்விம்மா, நான் பதில் சொல்லல, பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

சிகிச்சையின் அடிப்படையும் ஏறக்குறைய இதுதான். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கி வைத்த முறை: பயப்படும் பொருளின் அருகே படிப்படியாகப் போவது, போன பின் வழக்கமான பரிகாரத்தைச் செய்யாமல் இருப்பது. பயம் தானாகத் தணிவதை, அல்லது பயத்தோடேயே இருக்க முடிவதை மனது கற்றுக்கொள்ளும். மாத்திரைகளும் உண்டு. பலன் தெரியச் சில சமயம் மூன்று மாதம் ஆகும், பத்தாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். தாய்ப்பால் கொடுப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்து இருக்கிறது. அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமானால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம்.

மந்திரிப்பது அம்மாவின் ஆறுதலுக்கு என்றால் தாயத்து கட்டிக்கொள்ளட்டும், சிகிச்சை நிற்காமல் இருந்தால் சரி.

அருவாமனையை அவசரப்பட்டு நீங்களாக இறக்கி வைக்காதீர்கள். என்றைக்கு இறக்குவது, முதலில் எந்த அறையில் வைப்பது என்பதையெல்லாம் மருத்துவரோடு பேசி உங்கள் மனைவி முடிவு செய்யட்டும். ஏணியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.