ஒட்டுக் கட்டிடத்தில் விரிசல்: அடைக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: 1958-ல் கட்டிய பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் நான்காவது மாடியில் எங்கள் அலுவலகம். 1970-களில் பின்பக்கம் ஒரு ஆறு மாடிப் பகுதியை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். இரண்டும் சேரும் நடைபாதையில் தரை சற்றுச் சரிவாக இருக்கும். அங்கே சுவரில் தரையிலிருந்து கூரை வரை நேராக ஒரு விரிசல். மூன்று முறை பூசியாகிவிட்டது, திரும்பத் திரும்ப வருகிறது. அஸ்திவாரம் போய்விட்டது, எல்லாத் தூண்களுக்கும் ஜாக்கெட் (தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை) போட வேண்டும் என்கிறார் கான்ட்ராக்டர். காலி செய்துவிடலாமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், முதலில் காலி செய்ய வேண்டியது அந்தக் கான்ட்ராக்டரைத்தான்.

உங்களுடையது ஒரு கட்டிடம் அல்ல, இரண்டு. பழையது தன் பாரத்துக்கு மண்ணில் இறங்க வேண்டிய அளவு இறங்கி உட்கார்ந்துவிட்டது. புதியது அதற்குப் பிறகு தனியாக இறங்கியாக வேண்டும். அதனால் நடுவில் வேண்டுமென்றே ஒரு இடைவெளி விட்டு, இரு பக்கமும் தனித்தனித் தூண் நிறுத்துவார்கள். வெயிலும் ஒரு காரணம். 30 மீட்டர் நீளக் கான்கிரீட்டில் வெப்பம் 30 டிகிரி ஏறினால் சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். நிலநடுக்கத்தில் இரண்டும் வேறு வேறு வேகத்தில் ஆடும். 1985-ல் மெக்சிகோ நகரத்தில் போதிய இடைவெளி இல்லாத கட்டிடங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. உங்கள் நடைபாதைச் சரிவைப் பார்த்தால் மாடி மட்டங்களும் ஒன்றாக இல்லை. அப்படியானால் ஒன்றின் தளம் இன்னொன்றின் தூணின் நடுவில் போய் இடிக்கும்.

அந்த இடைவெளியை யாரோ அழகுக்காகச் சாந்து வைத்து மூடியிருக்கிறார்கள். சாந்து நீளாது, கிழியும். விரிசல் மேல் பூச்சை இரண்டு விரல் அகலத்துக்குச் செதுக்கிப் பாருங்கள். உள்ளே தார் தோய்ந்த பலகையோ, மக்கிய தெர்மோகோலோ, அன்று எடுக்க மறந்த சென்ட்ரிங் பலகையோ இருந்தால் அது அந்த இடைவெளிதான், சந்தேகமே வேண்டாம்.

அடுத்து விரிசலுக்குள் எபாக்ஸி, அதாவது கல்லாக இறுகும் பசை, ஏற்றலாம் என்று ஒருவர் வருவார். விடாதீர்கள். எபாக்ஸி இரண்டு கட்டிடத்தையும் ஒட்டிவிடும். நான் பார்க்கப் போன ஒரு இடத்தில் இப்படி ஏற்றி, அடுத்த கோடையிலேயே ஒரு சாண் தள்ளிப் புது விரிசல். அதற்கும் அதே ஆள் எஸ்டிமேட்டோடு வந்து நின்றார்! வேண்டியது ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட் என்ற அடைப்புப் பசையும், மேலே ஒரு மூடுதகடும்தான். தகட்டை ஒரு பக்கம் மட்டும் திருக வேண்டும். இரண்டு பக்கமும் திருகினால் மறுபடி பழைய கதை.

சரி, எப்போது பயப்பட வேண்டும்? ஒரு பக்கம் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால். இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். கண்ணாடித் துண்டு ஒட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அது வெயிலுக்கே உடையும், உங்களைப் பயமுறுத்தத்தான் உதவும். மட்டப்பலகை வைத்து விரிசலுக்குக் குறுக்கே ஒரு பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இருபுறமும் ஆணி அடித்து, மாதம் ஒருமுறை இடைத்தூரத்தை அளந்து எழுதி வையுங்கள். கோடையில் குறைந்து குளிரில் கூடினால் அது வெயிலின் வேலை. ஒரு வருஷம் முழுக்க ஒரே திசையில் கூடிக்கொண்டே போனால், அல்லது பென்சில் கோடு படி மாதிரி உடைந்து நின்றால், மண் பார்க்கும் பொறியாளரைக் கூப்பிடுங்கள். நடைபாதைச் சரிவை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது கட்டும்போதே போட்டது. விரிசல் தூணிலோ பீமிலோ சாய்வாக ஏறினால் வருஷம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கூப்பிடுங்கள்.

வருகிறவர் பழைய வரைபடம் கேட்பார். கிடைக்காது. ஒப்புதல் கொடுத்த அலுவலகமே அதைத் தொலைத்துவிட்டு, பழுதுபார்க்க அனுமதி கேட்டுப் போனால் "ஒரிஜினல் பிளான் எங்கே?" என்று நம்மிடம் கேட்கும். முப்பது வருஷமாக இதே கூத்துதான். வரைபடம் இல்லாமலே வேலை செய்யத் தெரிந்தவரைப் பிடியுங்கள். சோதிப்பவரே பழுது வேலையையும் எடுக்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆறாவது மாடிக்கு மேலே மொட்டைமாடியில் இந்த இடைவெளி எப்படி மூடியிருக்கிறது என்று மழைக்கு முன்னால் ஒருமுறை ஏறிப் பாருங்கள். உள்ளே போகும் தண்ணீர் தூணில் இருக்கும் கம்பியைத்தான் முதலில் தின்னும்.