சந்தா கட்டியவருக்குப் பரிசு மறுக்கலாமா? ட்ரெயில் ஓட்டத்தில் அங்கத்துவ விதியும் பரிசுப் பணமும்

கேள்வி: நான் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தவன். கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். அண்மையில் எங்கள் பகுதியில் நடந்த 25 கிலோமீற்றர் ட்ரெயில் ஓட்டத்தில் (தார் வீதியில் அல்லாமல் மலை, காட்டுப் பாதைகளில் ஓடுவது) இரண்டாவதாக வந்தேன். இரண்டாம் பரிசு 40,000 ரூபாய். அது ஓட்டத்தை நடத்திய சங்கத்தின் அங்கத்தவர்களுக்கு மட்டும் என்று அறிவித்திருந்தார்கள். முதலாவதாக வரும் உள்ளூர்க்காரருக்குத் தனியாக 15,000 ரூபாய். ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பே சந்தா கட்டிப் பற்றுச்சீட்டும் வாங்கியிருந்தேன். ஆனால் மூன்றாவதாக வந்தவர் முறையிட்டதாகச் சொல்லி, பரிசளிப்பில் என் பெயரை வாசிக்கவில்லை. என் அங்கத்துவத்தை நிர்வாகக் குழு இன்னும் அங்கீகரிக்கவில்லையாம். கொழும்பில் இருப்பதால் நான் உள்ளூர்க்காரனும் இல்லையாம். இரண்டு பரிசும் மூன்றாவதாக வந்தவருக்கே போயின. அவர் சங்கச் செயலாளரின் உறவினர். நான் என்ன செய்யலாம், ஐயா?

பதில்: உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன: ஓடுவதற்கு உங்களுக்கு உரிமை இருந்ததா, இரண்டாம் இடம் உங்களுடையதா, அந்த இடத்துக்கு அறிவித்த பணம் உங்களுக்குச் சேருமா. மூன்றுக்கும் ஒரே பதில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சங்கம் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் சிக்கலின் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கத்தவருக்கு மட்டும் பரிசு என்று விதி வைப்பதில் தவறில்லை. அமெரிக்காவில் தேசிய சாம்பியன் போட்டியாக நடத்தப்படும் மலை ஓட்டங்களில் வெளிநாட்டவர் ஓடி முன்னால் வந்தாலும், சாம்பியன் பட்டமும் அதற்குரிய பணமும் அந்நாட்டுச் சங்கத்தில் அங்கத்துவம் பெற்ற குடிமக்களுக்கே போகின்றன. இங்கிலாந்தில் கழகம் எதிலும் சேராதவர் நுழைவுக் கட்டணத்தோடு சிறு தொகை கூடுதலாகக் கட்டிவிட்டு எல்லோரோடும் ஓடுகிறார். ஓட விடுவது வேறு, பரிசு தருவது வேறு என்ற பிரிவினை உலகெங்கும் உண்டு. அந்தப் பிரிவினையை ஓடுபவர் புறப்படுமுன்பே தெளிவாகத் தெரிந்துகொள்ளும்படி எழுதி வைத்திருந்தார்களா என்பதில்தான் தகராறு பிறக்கிறது. 2008 ஒக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெண்கள் மரதனில், பொதுக் கூட்டத்தோடு புறப்பட்ட ஓர் இளம் ஆசிரியை 2 மணி 55 நிமிடத்தில் ஓடி முடித்தார். வெற்றியாளராக அறிவிக்கப்பட்டவரைவிட அது ஏறத்தாழ 11 நிமிடம் குறைவு. முன்னணி வீராங்கனைகளாகப் பதிந்து முதலில் புறப்பட்டவர்கள் மட்டுமே முதலிடத்துக்கு உரியவர்கள் என்று அமைப்பாளர்கள் சொன்னார்கள். கண்டனம் கிளம்பிய பின்னர் அவரையும் வெற்றியாளராக ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் விடயத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அங்கத்துவம் எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பது. சில சங்கங்களின் யாப்பில் சந்தா கட்டிய நாளிலிருந்தே அங்கத்துவம் உண்டு. சிலவற்றில் நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றிய பின்னரே உண்டு. வேறு சில, சேர்ந்து இத்தனை நாள் கடந்தவருக்குத்தான் பரிசு என்று இடைவெளியும் வைத்திருக்கும். போட்டிக்கு முதல் நாள் ஒருவரைக் கூட்டிவந்து சேர்த்துப் பரிசை அள்ளிக்கொண்டு போவதைத் தடுப்பதற்காக வந்த ஏற்பாடு அது, நியாயமானதும்கூட. யாப்பில் இவற்றில் எது இருக்கிறது என்று பார்க்காமல் நானோ நீங்களோ தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நம் மலையகத்துச் சிறு கழகங்களின் நடைமுறை எனக்கு ஓரளவு தெரியும். பற்றுச்சீட்டுப் புத்தகம் பொருளாளரின் பையில் இருக்கும், யாப்பு செயலாளர் வீட்டு அலுமாரியில் இருக்கும், கூட்ட அறிக்கைப் புத்தகம் எங்கே என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். குழு கூடுவதோ இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அப்படிப்பட்ட இடத்தில் ‘குழு அங்கீகரிக்கவில்லை’ என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பது கேள்விக்குரியது.

ஆகவே உங்கள் பற்றுச்சீட்டை எடுத்து மெதுவாக வாசியுங்கள். அதில் ‘அங்கத்துவச் சந்தா’ என்றும் ஆண்டும் அங்கத்துவ இலக்கமும் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் கனமானது. ‘விண்ணப்பக் கட்டணம்’ என்று மட்டும் இருந்தால் அது சேர்வதற்கான விண்ணப்பமே என்று அவர்கள் வாதாடலாம். அதைவிட முக்கியமான ஒன்று: நுழைவுக் கட்டணத்தை உங்களிடம் எந்த விகிதத்தில் வாங்கினார்கள்? அங்கத்தவருக்குக் குறைந்த கட்டணம், மற்றவருக்குக் கூடிய கட்டணம் என்று இருந்து, உங்களிடம் குறைந்ததை வாங்கியிருந்தால், பணம் வாங்கும்போது அங்கத்தவர், பணம் கொடுக்கும்போது அந்நியர் என்ற நிலைப்பாட்டை எந்த நடுவர் முன்னிலையிலும் அவர்களால் நிலைநிறுத்த முடியாது. முதலாவதாக வந்தவர் எப்போது சேர்ந்தார், அவருடைய அங்கத்துவத்தைக் குழு எந்தக் கூட்டத்தில் அங்கீகரித்தது என்றும் கேளுங்கள். அவருக்கும் தீர்மானம் இல்லையென்றால், உங்களுக்கு மட்டும் விதி விழித்துக்கொண்டது ஏன் என்று அவர்கள் விளக்க வேண்டியிருக்கும். விதியின் வாசகம் இரு பொருள் தருவதாக இருந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமாகவே பொருள்கொள்வது ஒப்பந்தச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ரோமன் டச்சு மரபில் வந்த நம் சட்டத்திலும் அது உண்டு.

அடுத்தது, முறையீடு வந்த நேரம். ட்ரெயில் ஓட்டத்தை 2015 இல் உலக மெய்வல்லுநர் சம்மேளனம் தன் விளையாட்டின் ஒரு பிரிவாக ஏற்றுக்கொண்டது. மலை ஓட்டத்தையும் ட்ரெயில் ஓட்டத்தையும் சேர்த்து நடத்தும் உலக சாம்பியன் போட்டி 2022 நவம்பரில் தாய்லாந்தின் சியாங் மாயில் முதன்முறையாக நடந்தது. அந்தச் சம்மேளனத்தின் தொழில்நுட்ப விதிகளில் 8 ஆவது விதி முறையீடுகளைப் பற்றியது, அதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது. ஒரு வீரருக்குப் பங்குபற்றும் தகுதி இல்லை என்ற முறையீட்டைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். அதற்குள் தீர்க்க முடியாவிட்டால், அவரை ‘முறையீட்டுக்கு உட்பட்டவராக’ ஓட விட்டுப் பின்னர் தீர்மானிக்க வேண்டும். போட்டியின் முடிவைப் பற்றிய முறையீட்டை, முடிவு உத்தியோகபூர்வமாக அறிவிக்கப்பட்டு 30 நிமிடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் நடுவரிடம் வாய்மொழியாகச் சொல்லலாம், மேன்முறையீட்டுக் குழுவுக்குப் போவதானால் எழுத்தில் கையொப்பமிட்டு வைப்புப் பணமும் கட்ட வேண்டும்.

இந்த விதி உங்கள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துமா என்பது அறிவித்தலில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பொறுத்தது. ‘மெய்வல்லுநர் விதிகளின்படி நடத்தப்படும்’ என்ற ஒரு வரி இருந்தாலே போதும். அப்படி இருந்தால், உங்கள் அங்கத்துவத்தில் குறை கண்டவர் அதைப் புறப்பாட்டுக் கோட்டில் நிற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும் என்று வாதாட இடமுண்டு. பரிசுக்குரிய தகுதி வேறு, பங்குபற்றும் தகுதி வேறு என்று அவர்கள் பதில் சொல்லலாம். அந்தப் பதிலில் சற்று நியாயம் இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறையீட்டை யார், எத்தனை மணிக்கு, எழுத்திலா வாயாலா கொடுத்தார் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் முடிவெடுத்ததும், பயன்பெறுபவரின் உறவினர் அந்த முடிவில் பங்குகொண்டிருந்தால் அதுவும், இயற்கை நீதிக்கு விரோதமானவை. உறவினராக இருப்பது குற்றமில்லை. ஒரே தோட்டத்தில் உறவில்லாதவரைத் தேடுவதே கடினம். அந்தக் கட்டத்தில் அவர் எழுந்து வெளியே போயிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? பணம் மறுக்கப்பட்டாலும் இரண்டாம் இடம் மறுக்கப்படக் கூடாது. தகுதி நீக்கம் என்பது பாதையைச் சுருக்கியவருக்கும், வாகனத்தில் ஏறியவருக்கும், சோதனைச் சாவடியைத் தவறவிட்டவருக்கும் உரியது. அங்கத்துவம் இல்லாதவரின் பெயர் முடிவுப் பட்டியலில் தன் இடத்திலேயே நிற்கும், பணம் மட்டும் அடுத்தவருக்கு இறங்கும். அப்படி இறங்கும் என்று விதியில் எழுதியிருந்தால்தான் அதுவும். சங்கம் வெளியிட்ட பட்டியலில் உங்கள் பெயரும் நேரமும் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நாளைக்கு வேறோர் ஓட்டத்தில் இடம் கேட்கும்போதும், 2013 இல் தொடங்கப்பட்ட சர்வதேச ட்ரெயில் ஓட்டச் சங்கத்தின் புள்ளிக் கணக்குக்கும் உதவப்போவது அந்தப் பட்டியல்தான்.

உள்ளூர்ப் பரிசு சற்று வித்தியாசமானது. ‘உள்ளூர்’ என்றால் பிறந்த ஊரா, அடையாள அட்டையில் உள்ள முகவரியா, வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ள இடமா, ராத்திரி படுத்துறங்கும் இடமா? மலையகத்து இளைஞர்களில் கணிசமானோர் கொழும்பில் உழைத்து, தீபாவளிக்கும் தேர்தலுக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டு ஊர் வருபவர்கள். அவர்களை உள்ளூர்க்காரர் இல்லை என்று ஒதுக்குவதானால் அதை விதியில் சொல்லியிருக்க வேண்டும். விதியில் ‘நிரந்தர வதிவு’ என்றோ வரைவிலக்கணம் எதுவும் இல்லாமலோ இருந்தால், தேசிய அடையாள அட்டை, வாக்காளர் இடாப்புப் பிரதி, கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ் ஆகிய மூன்றும் உங்களுக்குப் போதுமானவை. லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாமல் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கே வருகிறதென்றால், கிராம உத்தியோகத்தரிடம் டிவிஷனின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். ‘கடந்த ஆறு மாதமாக இப்பகுதியில் வசிப்பவர்’ என்று விதி சொல்லியிருந்தால், தம்பி, அந்த 15,000 ரூபாயை மறந்துவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு வாதாடினால் உங்கள் வலுவான கோரிக்கையும் பலவீனப்படும்.

விதிகள் எந்த மொழியில் இருந்தன என்று நீங்கள் எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தேயிலைத் தொழிற்சாலை முற்றத்தில் முடிந்த ஓட்டமொன்றில் நான் முடிவு மேசையில் உட்கார்ந்திருந்தேன். மழையில் நனைந்த நுழைவுப் படிவங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுத்துக்கொண்டிருந்தபோது, முதலாவதாக வந்த பெண்பிள்ளைக்குப் பரிசு இல்லை என்று அமைப்பாளர் சொன்னார். படிவத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அங்கத்துவ நிபந்தனை இருந்தது, ஆங்கிலத்தில் மட்டும். அந்தப் பிள்ளை கையெழுத்திட்டிருந்தாள், தமிழில். விதிப்படி சரி என்று நானும் ஒப்பமிட்டேன். இன்று அப்படிச் செய்ய மாட்டேன். 1987 இன் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது உண்மை. ஆனால் அது அரச நிறுவனங்களைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் சங்கத்தை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் வாசிக்க முடியாத மொழியில் வைத்த நிபந்தனை உங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை என்ற வாதத்தை மத்தியஸ்தர்கள் செவிமடுப்பார்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அறிவித்தல், வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகள், இணையப் படிவம் ஆகியவற்றை அழிக்கப்படுமுன் படமெடுத்து வையுங்கள். பதிவு முடிவடைந்த நாளில் இருந்த விதிகளே உங்களைக் கட்டுப்படுத்தும், பின்னர் திருத்தியவை கட்டுப்படுத்தா. பிறகு சங்கத் தலைவருக்கு, செயலாளருக்குப் பிரதியிட்டு, பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். யாப்பின் பிரதி, அன்றைய விதிகள், முறையீட்டின் பிரதி, முடிவெடுத்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கேட்டு, 14 நாட்களுக்குள் பதில் தருமாறு எழுதுங்கள். மூன்றாவதாக வந்தவரைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். பணம் தருவதாக வாக்களித்தது சங்கம். பிழையான ஆளுக்குக் கொடுத்திருந்தால் அதைத் திரும்பப் பெறுவது அவர்கள் பாடு. முகப்புத்தகத்தில் திட்டி எழுதுவதும் வேண்டாம்.

பதில் வராவிட்டால் எங்கே போவது என்பது சங்கம் எப்படிப்பட்டது என்பதில் தங்கியிருக்கிறது. பிரதேச செயலகத்தில் பதிவுபெற்ற விளையாட்டுக் கழகமானால், அங்குள்ள விளையாட்டு உத்தியோகத்தரிடம் முறையிடலாம். இலங்கை மெய்வல்லுநர் சங்கத்தின் அனுமதியோடு நடந்ததாக அறிவித்திருந்தால் அங்கும் எழுதலாம். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் பதிவுபெறும் தேசிய அமைப்பு அதுவே. பெயரில் ‘சங்கம்’ என்று இருப்பதால் மட்டும் ஓர் அமைப்புக்கு அந்தத் தகுதி வந்துவிடாது. வெறும் தனியார் ஏற்பாடாக இருந்தால் இது ஒப்பந்தத் தகராறு மட்டுமே. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைக்குப் போங்கள். இத்தகைய சிறு தொகைக்கு நேரே நீதிமன்றம் போகவும் முடியாது, இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் முதலில் வேண்டும். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலையொன்றில் கூடுவார்கள் என்பதால் நீங்கள் வேலை நாளை இழக்க வேண்டியிருக்காது. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும் வாய்மொழிக்கு 3 ஆண்டும் காலாவதி எல்லை. அவசரமில்லை, ஆனால் சாட்சிகளின் நினைவு அவ்வளவு காலம் நிற்காது. 40,000 ரூபாய்க்காக வழக்கறிஞர் வைத்து நீதிமன்றம் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பணம் தர இணங்கினால், காசோலையில் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதை அடையாள அட்டையைப் பார்த்துக் கடிதத்திலேயே குறித்துக் கொடுங்கள். தோட்டத்தில் பிறந்தவர்களின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னோர் எழுத்து என்று இருப்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது. காசோலை திரும்பி வந்தால் கொழும்பிலிருந்து மறுபடியும் ஒருமுறை லீவு போட்டு வர வேண்டியிருக்கும்.