கட்டில், ஃபிரிட்ஜ் போட்டு வாடகைக்கு விடலாமா?

கேள்வி: கோவை சரவணம்பட்டியில் எங்களுக்கு இரண்டு படுக்கையறை வீடு இருக்கிறது. நாங்கள் இருப்பது கோபியில். இரண்டு லட்சத்துக்குக் கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏசி வாங்கிப் போட்டால் மாதம் 5,000 ரூபாய் கூடுதல் வாடகை வரும் என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மாதம் 5,000 வீதம் இரண்டு லட்சம் திரும்பவே 40 மாதம் ஆகும், அதுவும் வீடு ஒரு நாள்கூடப் பூட்டிக் கிடக்காமல் இருந்தால். அதற்குள் மெத்தை குழி விழுந்துவிடும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் மோசம். அண்மையில் ஒரு வீட்டில் கீசர் காயிலைக் கழற்றினோம். சுண்ணாம்பில் முக்கி எடுத்த முறுக்கு மாதிரி இருந்தது. ரிப்பேருக்குப் போன் கோபிக்குத்தான் வரும், புரோக்கருக்கு வராது.

சாமான் வாங்கச் சொல்லும் கடை யாருடையது என்று அவரிடம் கேட்டீர்களா? சாமான் போட்ட வீட்டுக்குப் பெட்டியோடு வருபவர் பெட்டியோடு கிளம்பிவிடுவார். ஆள் மாறும்போதெல்லாம் புரோக்கருக்கு கமிஷன். பீரோ, கிரைண்டர் சகிதம் டெம்போவில் வந்திறங்கும் குடும்பம் லேசில் நகராது. ஃபேன், லைட், கீசர், கப்போர்டு, கொசுவலை போதும்.

கம்பெனி வீட்டைத் தன் பெயரில் எடுத்தால் மட்டும் யோசிக்கலாம். தன் பெயரில் என்பதைக் கவனியுங்கள். ஊழியர் அடையாள அட்டையைக் காட்டினால் கம்பெனி எடுத்ததாக ஆகாது. ஒப்பந்தத்தில் கம்பெனியின் கையெழுத்தும் சீலும் வேண்டும். வாடகை கம்பெனி கணக்கிலிருந்து வர வேண்டும். சீரியல் நம்பர், கீறல் உட்படச் சாமான் பட்டியலும் போட்டோவும் இணைக்க வேண்டும். முதலில் ஒப்பந்தம், அப்புறம்தான் கடைக்குப் போவது.

வரியிலும் ஒரு சிக்கல். வீட்டு வாடகை வருமானத்தில் 30 சதவீதம் கழிவு உண்டு. வீட்டையும் சாமானையும் பிரிக்க முடியாதபடி ஒரே வாடகைக்கு விட்டால் அது இதர வருமானமாகிவிடும். அங்கே அந்தக் கழிவு கிடையாது.

'பதினோரு மாதம்தானே, பதிவு எதற்கு' என்றும் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டப்படி, எத்தனை மாதமானாலும் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அவரோ துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர். நூறு வேலைக்கு நடுவில் உங்கள் மனுவைப் பார்ப்பார். இதற்கென்று தனி ஆளைப் போட்டால் என்ன குறைந்துவிடும்? சரி, அலைச்சல்தான். ஆனாலும் நீங்களே விண்ணப்பித்து, ரசீதை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.