வாசல் வரைக்கும் போனால் போதும்

கேள்வி: எனக்கு 38 வயது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. ஒரு வருடமாக எதிலும் பிடிப்பில்லை. விடியற்காலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, ஆனால் எழுந்திருக்க மனசு வராது. மூன்று மாதமாக மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரை சாப்பிடுகிறேன், கொஞ்சம் பரவாயில்லை. பார்க்கிறவர்கள் எல்லோரும் "எக்சர்சைஸ் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். இரண்டு முறை ஜிம்மில் சேர்ந்து பத்தே நாளில் விட்டுவிட்டேன். ஒருமுறை ஓடும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, செத்துவிடுவேனோ என்று பயந்துபோய்ப் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பரிசோதித்த இதய மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். மனசுக்கும் உடற்பயிற்சிக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா? உண்டென்றால் மாத்திரையை நிறுத்திவிடலாமா? சைக்கிள் ஓட்டக் கூட வரச் சொல்லி என் எட்டு வயது மகள் தினமும் கேட்கிறாள். நானும் தினமும் "நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். நிறுத்தாதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரையைத் திடீரென்று விட்டால் தலைசுற்றல், தூக்கக் கேடு, எரிச்சல் என்று ஒவ்வொன்றாக வரலாம். அடங்கியிருந்த நோயும் திரும்பத் தலைகாட்டலாம். நன்றாகத் தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வதுதான் மருத்துவர்களின் வழக்கம். குறைப்பதானாலும் அவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். நடக்க ஆரம்பிக்கப்போவதாக அவரிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சரி, இப்போது மற்றவர்கள் சொல்லும் அந்த வாக்கியத்துக்கு வருவோம். "எக்சர்சைஸ் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும்." இதைக் கேட்கும்போது உங்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான். சோம்பேறித்தனத்தால் வந்த நோய் என்று சொல்வதுபோல இருக்கிறது. உங்களுடையது சோம்பேறித்தனம் கிடையாது. எழுந்திருக்கும் சக்தியையே பறித்துக்கொள்வது இந்த நோயின் குணம். ஆனாலும் தம்பி, அவர்கள் சொல்லும் விதம் தப்பாக இருந்தாலும் விஷயத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1999-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 50 வயதைத் தாண்டிய, மனச்சோர்வு நோய் உள்ள 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை உடற்பயிற்சி, இன்னொன்றுக்கு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை, மூன்றாவதற்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தது. இதில் உங்களுக்கு முக்கியமானது வேறொன்று. ஆரம்ப வாரங்களில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குத்தான் சீக்கிரம் குணம் தெரிந்தது. பயிற்சி பலன் காட்ட நாளெடுத்துக்கொண்டது. பத்து நாளில் ஜிம்மை விட்டபோது "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்று நினைத்திருப்பீர்கள், இல்லையா? பலன் வந்து சேரும் முன்பே கிளம்பிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் சேர்ந்தவர்கள் தாமாக முன்வந்தவர்கள், கூடவே ஆள் நின்று பயிற்சி கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியாகப் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு அது அப்படியே பொருந்தாது. ஆனால் அதற்குப் பிறகு எத்தனையோ ஆய்வுகள் வந்துவிட்டன. 2024-ல் 218 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது நடை, மெல்லோட்டம், எடை தூக்கும் பயிற்சி, யோகா எல்லாமே மனச்சோர்வைக் குறைப்பதில் நல்ல பலன் தந்திருந்தன. எது உயர்ந்தது என்று ஆராய்ந்து நேரத்தைக் கடத்தாதீர்கள். எதைச் செய்ய உங்கள் உடம்பு கொஞ்சமாவது இசைகிறதோ அதுதான் உங்களுக்கானது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். எண்டார்ஃபின் என்ற, உடம்பே தயாரிக்கும் வலி குறைக்கும் பொருள் சுரந்து மகிழ்ச்சி வருகிறது என்ற கதை ஊரெல்லாம் பரவியிருக்கிறது. விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. இரத்தத்தில் ஓடும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை. ஓடிய பிறகு வரும் அந்த லேசான நிம்மதிக்கு, உடம்பே தயாரிக்கும் எண்டோகன்னாபினாய்டு என்ற வேறு பொருட்கள் காரணமாக இருக்கலாம் என்பதற்கு இப்போது வலுவான ஆதாரம் இருக்கிறது. அப்புறம் ஹிப்போகாம்பஸ். நினைவுக்கும், மன அழுத்தத்துக்குக் கடிவாளம் போடுவதற்கும் உதவும் மூளைப் பகுதி இது. நீண்ட நாள் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு இது சற்றுச் சிறுத்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். 2011-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், வயதானவர்கள் 120 பேரில் ஒரு பாதி ஒரு வருடம் நடந்தார்கள். அவர்களுக்கு இந்தப் பகுதி 2 சதவீதம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது. உடம்பை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்த மற்ற பாதிக்கு அது சுருங்கியிருந்தது. அவர்கள் மனச்சோர்வு உள்ளவர்கள் இல்லைதான். ஆனாலும் வெறும் நடை, அதுவும் அந்த வயதில், மூளையின் அளவையே மாற்றியது என்று படித்த நாளில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இனி அந்தப் படபடப்பு. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அதுதான்.

பயம் வரும்போது உடம்பு என்ன செய்கிறது? அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. ஓடும்போது என்ன செய்கிறது? அதையேதான். பல மாதமாகப் பதற்றத்தில் இருந்த உங்கள் மனசு, நெஞ்சு வேகமாக அடித்தாலே ஆபத்து என்று பாடம் படித்து வைத்திருக்கிறது. அன்று இதயம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது, மனசுதான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டது. பாதியில் உட்கார்ந்ததும் படபடப்பு அடங்கியது, "நல்லவேளை, உட்கார்ந்ததால் பிழைத்தேன்" என்று மனசு இன்னொரு தப்பான பாடத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டது.

இதை மாற்றப் பயிற்சியே மருந்து. திடீர் பீதிக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் நோயாளியை வேண்டுமென்றே நின்ற இடத்தில் ஓடவும் படியேறவும் சொல்வார்கள். நெஞ்சு அடிக்கும், ஒன்றும் ஆகாது, தானே அடங்கும். இதைக் காதால் கேட்டால் மனசு நம்பாது, உடம்பால் பலமுறை அனுபவித்தால்தான் நம்பும்.

இதய மருத்துவர் சரி சொல்லிவிட்டதால் இப்படிச் செய்து பாருங்கள். பக்கத்தில் உள்ள படிக்கட்டில் ஒரு நிமிடம் மட்டும் உங்கள் வேகத்தில் ஏறுங்கள். நிறுத்தியதும் உட்காராதீர்கள். கைப்பிடியைப் பிடித்தபடி நின்று, இரண்டு விரலை மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக வையுங்கள். நாடி முதலில் திம் திம்மென்று விரலை முட்டித் தள்ளும். அதை எண்ண வேண்டாம், தொட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு துடிப்புக்கு நடுவில் இடைவெளி கூடுவது விரலுக்கே தெரியும். யாரும் அடக்கவில்லை, மாத்திரை போடவில்லை, அதுவாக இறங்குகிறது. அந்த இறக்கத்தைத் தினம் ஒருமுறை நின்று கவனியுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டு நிமிடம் ஏறுங்கள். நெஞ்சை அழுத்துவதுபோல வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டி மயக்கம் என்று வந்தால் மட்டும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் போக வேண்டும். அது வேறு விஷயம்.

"எழுந்திருக்கவே மனசு வராதவன் எப்படிப் படியேறுவது?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதற்குப் புத்தகத்திலிருந்து பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

என் அம்மா போன பிறகு இரண்டு மாதம் நானும் அப்படித்தான் கிடந்தேன். ஊருக்கெல்லாம் ஆலோசனை எழுதுகிறவள், பல் தேய்க்கக்கூட ஒத்திப்போட்டேன். ஒரு தோழி தினமும் காலையில் வருவாள். ஆறுதல் எதுவும் சொல்ல மாட்டாள். "ஷூவை மாட்டு, வாசல் வரைக்கும் வந்தால் போதும்" என்பாள். முதல் நாள் ஷூ கயிற்றில் விழுந்திருந்த பழைய முடிச்சை அவிழ்க்க முடியாமல் அழுதேன். அவள் கீழே உட்கார்ந்து, நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்துக் கட்டிவிட்டாள். வாசல் வரைக்கும் போனோம், திரும்பினோம். அவள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் தெருமுனை. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ திரும்பி வரும்போது எனக்குப் பசித்தது. இரண்டு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. துக்கம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதற்குப் பக்கத்தில் பசி என்று இன்னொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது.

நல்ல நாட்களில் உற்சாகம் முன்னால் போகும், செயல் பின்னால் வரும். மனச்சோர்வில் வரிசை மாறிவிடுகிறது. முதலில் செய்ய வேண்டும், மனசு பிறகு வரும். மனசு சரியான பிறகு நடக்கலாம் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பயிற்சிக்கு முன் "இது எவ்வளவு பிடிக்கும்?" என்று கேட்டால், உண்மையில் பிடிக்கும் அளவைவிடக் குறைவாகவே மனிதர்கள் சொல்கிறார்கள் என்று 2011-ல் ஓர் ஆய்வு காட்டியது. தொடங்கும்போது இருக்கும் கசப்பே கண்ணில் நிற்பதுதான் காரணம். ஆரோக்கியமானவர்களுக்கே அப்படி என்றால் உங்கள் மனசு எவ்வளவு குறைத்துச் சொல்லும்! அதனால் அது சொல்வதை எழுதி வைத்துச் சோதியுங்கள். கிளம்பும் முன் மனநிலைக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ஒரு மதிப்பெண், திரும்பி வந்ததும் ஒரு மதிப்பெண். இரண்டுதான் மூன்றானது என்றாலும் எழுதுங்கள். இரண்டு வாரத்துத் தாள் உங்கள் கையில் இருந்தால் அடுத்த நாள் காலையில் மனசோடு வாதாட வசதியாக இருக்கும்.

எவ்வளவு செய்வது? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இந்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள். பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்த நிபந்தனையை 2020-ல் அவர்களே எடுத்துவிட்டார்கள். மூன்று நிமிடமும் கணக்கில் சேரும். அந்தப் பரிந்துரையில் பாதி அளவு செய்தவர்களுக்கே, ஒன்றும் செய்யாதவர்களைவிட மனச்சோர்வு வரும் வாய்ப்பு 18 சதவீதம் குறைவாக இருந்ததாக 2022-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. அது நோய் வராமல் தடுப்பதைப் பற்றிய கணக்கு. ஆனால் கொஞ்சமும் வீண் போவதில்லை என்பது உங்களுக்கும் பொருந்தும். மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேறு கருவி எதுவும் வேண்டாம்.

ஜிம்முக்கு இப்போது போக வேண்டாம். உங்களுடைய மிக மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவைத்தான் தினசரி அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரம் என்று வைத்தால் மோசமான நாளில் தவறும், தவறியதும் "இதிலும் தோற்றேன்" என்று மனசு ஆரம்பித்துவிடும். வாசல் வரைக்கும் என்று வைத்தால் தோற்பதற்கு வழியே இல்லை. வாசலுக்குப் போன பிறகு கால் தொடர்ந்தால் சந்தோஷம், இல்லையென்றால் அன்றைய கணக்கு முடிந்தது. ஒருநாள் விட்டுப்போனால் அதற்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பு நடக்காதீர்கள். அது தண்டனை.

நான்கு மணி விழிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நேரத்து எண்ணங்கள் செக்குமாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்றும், படுத்தபடி அதோடு மல்லுக்கட்டினால் இன்னும் இறுகும். வெளிச்சம் வந்ததும் வெளியே இறங்கிவிடுங்கள். காலை வெளிச்சமும் நடையும் சேர்ந்தால் இரவுத் தூக்கம் மெல்ல ஒழுங்குக்கு வரும். ஒருவேளை அந்த நேரத்தில் உயிரோடு இருப்பதே எதற்கு என்ற எண்ணம் தலைகாட்டினால் நடையை நம்பி இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரை எழுப்புங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்கு ஷூ கயிற்றை அவிழ்த்துவிட ஒரு தோழி வந்தாள். உங்களைத் தினமும் வந்து கூப்பிட வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். நீங்கள் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பதில்லை. அவள் மெதுவாக ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நடந்தால் போதும். "அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சரியில்லை, தெருமுனை வரைக்கும்தான் வர முடியும்" என்று உள்ளதை உள்ளபடியே சொல்லிவிடுங்கள், எட்டு வயதுக்கு அது புரியும். அவள் முன்னால் போய்விட்டுத் திரும்பி உங்களிடம் வருவாள், மறுபடி போவாள். இன்று சாயங்காலம் கேட்கும்போது "நாளைக்கு" என்று சொல்லாதீர்கள். ஷூவை மட்டும் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நில்லுங்கள்.