கோப்பு இருந்தும் கெர்னல் இல்லை என்கிறதே?
வாசகர் கேள்விகள் – லினக்ஸ் பகுதி

கேள்வி: பூட் ஆகும்போது என் கணினியின் பதிவில் 'ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் சிறு நிரல்) நேரடியாக ஏற்ற முடியவில்லை, பிழை -2' என்று வருகிறது. ஆனால் /லிப்/ஃபர்ம்வேர் அடைவில் அந்தக் கோப்பு சரியான பெயரில் இருக்கிறது. பூட் முடிந்தபின் டிரைவரை (கருவியை இயக்கும் நிரல்) நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினால் கருவி ஒழுங்காக வேலை செய்கிறது. கோப்பு கெட்டுப்போயிருக்குமோ?

பதில்: கோப்பில் ஒரு குறையும் இல்லை. டிரைவரை மறுபடி ஏற்றிப் பார்த்தீர்களே, அந்தச் சோதனையே விடையைச் சொல்லிவிட்டது. பிழை -2 என்றால் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று பொருள். லினக்ஸின் மையமான கெர்னல் தேடிய நொடியில் அது உண்மையாகவே இல்லை. உங்கள் கோப்புகள் இருக்கும் ரூட் பகிர்வு அப்போது மவுண்ட் ஆகியிருக்காது, அதாவது கணினியோடு இணைந்திருக்காது. நினைவகத்தில் விரிந்திருக்கும் தற்காலிகக் கோப்புத் தொகுதியான இனிட்ராம்எஃப்எஸ் மட்டும்தான் அந்த நேரத்தில் கெர்னலின் உலகம். டிரைவர் அதற்குள் இருந்து, அது கேட்கும் ஃபர்ம்வேர் இல்லாமல் போனால் நீங்கள் பார்த்த வரிதான் வரும். ஃபர்ம்வேர் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே விஷயத்தில்தான் வந்து நிற்கின்றன. எங்கே தேடுகிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். எப்போது தேடுகிறது என்பதையும் பாருங்கள்.

இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை உருவாக்கும் கருவிகள், ஒவ்வொரு டிரைவரும் தனக்கு என்னென்ன ஃபர்ம்வேர் வேண்டும் என்று அறிவித்திருப்பதைப் படித்து அவற்றை உள்ளே சேர்க்கின்றன. அந்த அறிவிப்பை 'மோட்இன்ஃபோ' கட்டளையால் நீங்களும் பார்க்கலாம். கோப்பை நீங்கள் பிறகு கொண்டுவந்து வைத்திருந்தாலோ, டிரைவர் அதை அறிவிக்காமல் விட்டிருந்தாலோ அது உள்ளே போயிருக்காது. ஆகவே முதல் வேலை மறுபடி உருவாக்குவது: டெபியன், உபுண்டுவில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்', ஃபெடோராவில் 'டிராகட்'. முடித்ததும் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டுப் பாருங்கள். டெபியனில் 'எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்', ஃபெடோராவில் 'எல்எஸ்இனிட்ஆர்டி'. தயவுசெய்து இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்காதீர்கள். பார்க்காமல் மறுபடி மறுபடி ரீபூட் செய்து களைத்துப்போனவர்கள் ஏராளம்.

இன்னொரு வழியும் உண்டு. ரூட் பகிர்வை மவுண்ட் செய்ய ஒலி அட்டையோ வைஃபையோ பெரும்பாலும் தேவையில்லை. அப்படிப்பட்ட டிரைவரை இனிட்ராம்எஃப்எஸ்ஸிலிருந்து வெளியே எடுத்துவிட்டால், ரூட் மவுண்ட் ஆன பிறகு அது தானாக ஏறும், கோப்பும் கண்ணில் படும்.

நீங்களே கெர்னலைக் கட்டமைப்பவராக இருந்து, டிரைவரை மாட்யூலாக (தனியே ஏற்றக்கூடிய பகுதி) வைக்காமல் கெர்னலுக்குள்ளேயே பதித்திருந்தால் கதை வேறு. அது மிகச் சீக்கிரமே எழுந்து ஃபர்ம்வேரைக் கேட்கும். அதை மாட்யூலாக மாற்றுங்கள் என்பதே என் பரிந்துரை. முடியாதென்றால் 'கான்ஃபிக் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர்' என்ற அமைப்பில் கோப்பின் பெயரைக் கொடுத்து, ஃபர்ம்வேரையும் கெர்னலுக்குள் பதிக்கலாம். ஆனால் ஃபர்ம்வேர் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் கெர்னலை மறுபடி கட்ட வேண்டும். அந்தக் கெர்னலைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் கெர்னலுக்குரிய ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தால் சிக்கலும் எழக்கூடும். உங்கள் மேசைக் கணினிக்கு இது வேண்டாத சுமை.

கேள்வி: கருவியின் தயாரிப்பாளர் தந்த புதிய ஃபர்ம்வேரைப் பழைய கோப்பின் மேலேயே எழுதினேன். அடுத்த தொகுப்புப் புதுப்பிப்பில் பழையது திரும்ப வந்துவிட்டது. நிலையாக வைப்பது எப்படி?

பதில்: தொகுப்பு மேலாளர் (மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் நிரல்) வைத்த கோப்பின் மேல் கை வைக்காதீர்கள். அது அதனுடைய இடம். உங்களுக்கென்று கெர்னல் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறது: /லிப்/ஃபர்ம்வேர்/அப்டேட்ஸ். கெர்னல் தேடும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் நீங்கள் 'ஃபர்ம்வேர்_கிளாஸ்.பாத்' அளவுருவில் கொடுத்த அடைவு, கொடுத்திருந்தால். பிறகு அப்டேட்ஸ் அடைவுக்குள் கெர்னல் பதிப்பின் பெயரிலுள்ள உள்ளடைவு, அடுத்து அப்டேட்ஸ், அதன்பின் /லிப்/ஃபர்ம்வேரில் பதிப்பின் பெயரிலுள்ள உள்ளடைவு, கடைசியாகத்தான் /லிப்/ஃபர்ம்வேர். புதிய கோப்பை அப்டேட்ஸில் வையுங்கள், போதும். கெர்னலுக்குள்ளேயே பதித்த ஃபர்ம்வேர் மட்டும் இந்த வரிசை முழுவதையும் முந்திக்கொள்ளும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கெர்னல் 5.3 முதல் எக்ஸ்இசட் முறையிலும், 5.19 முதல் இசட்ஸ்டாண்டர்ட் முறையிலும் சுருக்கிய ஃபர்ம்வேரைக் கெர்னல் ஏற்கிறது, கட்டமைப்பில் அதை இயக்கியிருந்தால். ஆனால் அது முதலில் சுருக்காத பெயரை எல்லா அடைவுகளிலும் தேடி முடித்துவிட்டுத்தான் சுருக்கிய பெயரைத் தேடப் போகும். நீங்கள் அப்டேட்ஸில் சுருக்கிய புதிய கோப்பை வைத்து, /லிப்/ஃபர்ம்வேரில் சுருக்காத பழைய கோப்பு கிடந்தால் பழையதே ஏறும். ஆகவே உங்கள் கோப்பைச் சுருக்காமலே வையுங்கள். சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால், எக்ஸ்இசட்டில் சரிபார்ப்பு முறையை சிஆர்சி32 என்று குறிப்பிட்டுச் சுருக்குங்கள். எக்ஸ்இசட் கருவி இயல்பாகப் போடும் சிஆர்சி64-ஐக் கெர்னல் ஏற்காது.

சோதனைக்காக மட்டும் ஒரு கோப்பை மாற்றிப் பார்க்க வேண்டுமா? ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே /சிஸ்/மாட்யூல்/ஃபர்ம்வேர்_கிளாஸ்/பாராமீட்டர்ஸ்/பாத் என்ற கோப்பில் உங்கள் அடைவின் பாதையை எழுதி, டிரைவரை மறுபடி ஏற்றலாம். 'எக்கோ' கட்டளையால் எழுதும்போது வரிமுறிவு சேராதபடி அதற்குரிய விருப்பத்தைக் கொடுங்கள். ரீபூட் செய்தால் இந்த அமைப்பு மறைந்துவிடும்.

கேள்வி: என் வைஃபை நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் ஒவ்வொரு பூட்டிலும் சில ஃபர்ம்வேர் கோப்புகள் இல்லை என்ற வரிகள் வருகின்றன. கவலைப்பட வேண்டுமா?

பதில்: வேண்டாம். சில டிரைவர்கள், இன்டெல் வைஃபை டிரைவர் உட்பட, தமக்குத் தெரிந்த மிகப் புதிய ஃபர்ம்வேர் பதிப்பை முதலில் கேட்டு, கிடைக்காவிட்டால் ஒவ்வொரு படியாக இறங்கிவருகின்றன. கடைசியில் ஏதாவது ஒரு பதிப்பு ஏறியதாக வரி வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: நானே கட்டிய கெர்னலில் பூட் ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டுப் பிறகு தொடர்கிறது. காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கலாமா?

பதில்: குறைக்கலாம், ஆனால் அது நோயின் வேரைத் தொடாது. முன்பு ஃபர்ம்வேரைக் கொண்டுவந்து தரும் வேலை, கருவிகளைக் கவனிக்கும் நிரலான யூடெவ்வுடையது. 2012-இல் வந்த கெர்னல் 3.7 முதல் கெர்னலே நேரடியாகக் கோப்பைப் படிக்கிறது. 2014-இல், யூடெவ்வை உள்ளடக்கிய சிஸ்டம்டி மென்பொருளின் 217-ஆம் பதிப்பு யூடெவ்விலிருந்து அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. உங்கள் கட்டமைப்பில் 'யூசர் ஹெல்ப்பர் ஃபால்பேக்' இயக்கப்பட்டிருக்க வேண்டும். கோப்பு கிடைக்காதபோது யாராவது தருவார்கள் என்று கெர்னல் 60 விநாடி காத்திருக்கிறது; தருவதற்கு இப்போது யாருமில்லை. அந்த அமைப்பை அணைத்துவிட்டுக் கெர்னலை மறுபடி கட்டுங்கள். அதோடு எந்தக் கோப்புக்காக அது காத்திருந்தது என்பதைப் பதிவில் தேடி, அதையும் உரிய இடத்தில் வையுங்கள்.